ஆண்ட்ரியாவின் வரியைப் பிரௌனிங்கின் வரி என்று நம்பிய ஒன்றரை வருடம்

"கைக்கு எட்டுவதைத் தாண்டியும் மனிதன் கையை நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொர்க்கம் என்று ஒன்று எதற்கு?" இந்த வரியைத்தான் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கின் வாழ்க்கைத் தத்துவம் என்று என் விடைத்தாளில் மூன்று இடத்தில் எழுதினேன். உண்மையில் அது அவர் கவிதை ஒன்றில் ஆண்ட்ரியா என்ற ஓவியன் பேசும் வரி. அந்தத் தாளில் தேறவில்லை. தொலைநிலைக் கல்வியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. வாரம் ஒரு வகுப்புகூடக் கிடையாது, சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. இரண்டு நோட்ஸ், ஒரு தலையணை அளவு கவிதைத் தொகுப்பு, மறுபடி கட்டிய தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3,400 ரூபாய் போனது. பணத்தைவிட, ஒன்றரை வருடம் போனதுதான் வலித்தது. அந்தக் கவிதைகள் எனக்குப் புரியாது, என் மண்டைக்கு அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். மண்டையில் குறை எதுவும் இல்லை. படித்த வரிசையும் படித்த விதமும்தான் தப்பு. விக்டோரியா காலத்துக் கவிதையைத் தனியாக உட்கார்ந்து படிக்கப் போகிறவர்களுக்கு, முக்கியமாகக் காதல், முயற்சி, மனிதனின் குறை என்ற மூன்றையும் பேசும் கவிதைகளைப் படிக்கப் போகிறவர்களுக்கு, இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் தப்பு, பிரௌனிங்கை வருட வரிசைப்படி ஆரம்பித்தது. 1812-இல் பிறந்தவர், ஆகவே முதலில் எழுதியதை முதலில் படிப்போம் என்று 1840-இல் வெளிவந்த 'சோர்டெல்லோ'வில் கை வைத்தேன். ஏறக்குறைய ஆறாயிரம் வரி. வடக்கு இத்தாலியின் இடைக்காலச் சண்டைகள் தெரியாமல் அதற்குள் நுழைவது, கிளைக்கதை எதுவும் தெரியாதவர் மகாபாரதத்தை நடுவிலிருந்து பிரித்த மாதிரி. அதில் தனக்குப் புரிந்தது முதல் வரியும் கடைசி வரியும்தான், அவை இரண்டுமே பொய் என்று அதே காலத்துக் கவிஞர் டென்னிசன் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. முதல் வரி சோர்டெல்லோவின் கதையைக் கேட்கலாம் என்கிறது, கடைசி வரி கேட்டாயிற்று என்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்து வாசகர்களே விட்டுவிட்ட புத்தகத்தோடு நான் இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். 1842-இல் வந்த 'மை லாஸ்ட் டச்சஸ்' என்ற 56 வரிக் கவிதையில் தொடங்குங்கள். அதிலிருந்து நேராக 1855-இல் இரண்டு தொகுதியாக வந்த 'மென் அண்ட் விமன்' நூலுக்குத் தாவிவிடலாம். அதில் 51 கவிதைகள். நான் இங்கே சொல்லப்போகிற பிரௌனிங் கவிதைகள் எல்லாம் அதில் உள்ளவைதான்.

இரண்டாவது தப்பு பெரியது. கவிதையில் 'நான்' என்று வந்தால் அது கவிஞர் என்று நினைத்துக்கொண்டது. நோட்ஸ்களும் அதைத்தான் வளர்த்தன. டிரமாட்டிக் மோனோலாக் (கவிஞர் படைத்த பாத்திரம் பேசும் தனிமொழி) என்பதற்கு நாலு வரி விளக்கம் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே 'கவிஞர் கூறுகிறார்' என்று ஆரம்பித்துவிடும். இதிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது ஆங்கில விமர்சன நூல் எதுவும் இல்லை, பள்ளியில் படித்த குறுந்தொகை. சங்க அகப்பாட்டு ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்பு இருக்கும்: பிரிவிடை ஆற்றாளாகிய தலைவி தோழிக்குச் சொன்னது, வரைவு நீட்டித்த இடத்துத் தோழி தலைவனுக்குச் சொன்னது என்று. யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சமயத்தில். இந்த மூன்றும் தெரிந்தால்தான் பாட்டு திறக்கும். வெள்ளிவீதியார் 'நான்' என்றால் அது தலைவி, அது கூற்று என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பிரௌனிங்கின் தனிமொழிகளும் அதே பழக்கத்தைத்தான் கேட்கின்றன. ஒரே வித்தியாசம், அங்கே குறிப்பைத் தொகுத்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், இங்கே நாம் எழுதிக்கொள்ள வேண்டும். ஆகவே முதல் வேலை: கவிதையை ஒரு தடவை வேகமாக ஓட்டிவிட்டு, பக்கத்தின் தலையில் பென்சிலால் ஒரு கூற்றுக் குறிப்பு எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் கவிதை இன்னும் புரியவில்லை என்று பொருள். உரைக்குப் போகாமல் இன்னொரு தடவை கவிதையையே படியுங்கள்.

'ஆண்ட்ரியா டெல் சார்ட்டோ'வுக்கு நான் எழுதியது இது: "புளோரன்ஸ் நகரத்து ஓவியன், தன்மேல் பற்றில்லாத மனைவி வெளியே கிளம்பக் காத்திருக்கையில், அந்தி நேரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது." அவ்வளவுதான். இதை எழுதியதும் 267 வரியும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. அந்த ஓவியர் நிஜ மனிதர். 1486-இல் பிறந்து 1530-இல் இறந்தவர். கோடு பிசகாமல், நிறம் பிசகாமல் வரைவார் என்பதால் 'பிழையற்ற ஓவியர்' என்று பெயர். பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸ் 1518-இல் அவரைத் தன் அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். மனைவி லுக்ரேசியா கூப்பிட்டதால் ஊர் திரும்பிய ஆண்ட்ரியா, கலைப்பொருள் வாங்க மன்னர் கொடுத்த பணத்தைத் தன் வீட்டுக்குச் செலவழித்துவிட்டார் என்று வசாரி எழுதியிருக்கிறார். வசாரி அவரிடமே தொழில் பழகியவர். இந்தக் கதையைத்தான் பிரௌனிங் எடுத்துக்கொண்டார். கவிதையில் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துதான் ஆண்ட்ரியா பேசுகிறார். இருட்டிய பிறகு சுவரைப் பார்த்தால் செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே சாந்து தெரியவில்லை, மன்னரின் தங்கம் எரிகிற மாதிரி தெரிகிறது என்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. குற்ற உணர்ச்சியை ஒரு சுவராகக் கட்டி, அதற்குள்ளேயே ஒரு ஆளைக் குடிவைத்திருக்கிறார்.

இப்போது அந்தப் பிரபலமான வரிக்கு வாருங்கள். அது 97, 98-ஆவது வரிகளில் வருகிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் 'சொர்க்கம் எதற்கு' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் வரி அங்கே முடியவில்லை. அதே வரியின் மீதியில், என் ஓவியத்தில் எல்லாமே வெள்ளிச் சாம்பல் நிறம், எல்லாம் அமைதி, எல்லாம் கச்சிதம், அதனாலேயே கேடு என்கிறார். அதாவது கையை நீட்ட வேண்டும் என்று சொல்கிறவர் நீட்டாத மனிதர். எட்டுவது மட்டும் போதும் என்று இருந்துவிட்டு, எட்டாததை நோக்கிப் போனவர்களைப் பார்த்து ஏங்கிச் சொல்கிற வாக்கியம் இது. உடனே ஒரு படத்தைக் காட்டுகிறார். ஐந்து வருடம் முன்பு இறந்துபோன ரஃபேலின் படம், வசாரி அனுப்பிய நகல். அதில் ஒரு கை தப்பாக வரையப்பட்டிருக்கிறது. "என்னால் சரிசெய்ய முடியும்" என்று சாக்குக்கட்டியை எடுக்கிறார், பார்ப்பது மனைவி மட்டும்தானே என்ற துணிச்சலில். கோடு இப்படிப் போக வேண்டும் என்று இழுக்கிறார். இழுத்துவிட்டு, ஆனால் அந்த உயிர்! அவர் ரஃபேல், இதை அழித்துவிடு என்கிறார். ஒரு கோட்டைப் போட்டு அழிக்கிற இந்தச் சின்ன அசைவில்தான் கவிதை மொத்தமும் இருக்கிறது. கை தப்பாக இருக்கிற படம் ஜெயிக்கிறது, தப்பே இல்லாத கை தோற்கிறது.

திருக்குறள் தெரிந்தவர்களுக்கு "உள்ளுவதெல்லாம் உயர்வுள்ளல் மற்றது தள்ளினும் தள்ளாமை நீர்த்து" இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் இருக்காது. எனக்கும் வந்தது. ஆனால் இரண்டையும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள், நான் அதையும் எழுதிப் பார்த்தேன். குறள் அறம் சொல்லும் குரல், யாருக்கும் பொருந்தும். இது ஒரு கூற்று, இந்த மனிதனின் வாயில் மட்டும் இந்த அளவுக்குக் கசக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். சொர்க்கம் என்ற சொல் கவிதையின் கடைசியில் மறுபடி வருகிறது. அங்கே போனால் இன்னொரு வாய்ப்புக் கிடைக்கலாம், புது எருசலேமில் நான்கு பெரிய சுவர்கள், லியனார்டோ, ரஃபேல், மைக்கேலாஞ்சலோ, நான் என்று ஆளுக்கு ஒன்று என்று கனவு காண்கிறார். உடனே, மற்ற மூவருக்கும் மனைவி இல்லை, எனக்கு நீ இருக்கிறாய், ஆகவே அங்கேயும் அவர்களே ஜெயிப்பார்கள், ஏனென்றால் அங்கேயும் லுக்ரேசியா இருப்பாள், "நானே விரும்பியபடி" என்று முடிக்கிறார். வெளியே அவளுக்காகக் காத்திருக்கும் 'கசின்' மறுபடி விசில் அடிக்கிறான். போ, என் அன்பே என்கிறார். முதலில் சொன்ன சொர்க்கத்தையும் கடைசியில் சொன்ன சொர்க்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருந்தால் தேர்வில் இதைப் பற்றி வந்த 15 மதிப்பெண் கேள்விக்கு வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இந்தக் கவிதையைப் படிக்க மூன்று நிறப் பேனா போதும். ஒன்றால், கேட்கிறவர் என்ன செய்கிறார் என்று தெரிகிற இடங்களை அடிக்கோடிடுங்கள். லுக்ரேசியா ஒரு சொல்கூடப் பேசவில்லை, ஆனால் முகத்தைத் திருப்புகிறாள், சிரிக்கிறாள், கிளம்பப் பார்க்கிறாள். அவர் பேச்சை மாற்றுவதெல்லாம் அவள் அசைவுக்குப் பதிலாகத்தான். இரண்டாவது நிறத்தால் நேரத்தைக் குறியுங்கள். ஃபியசோலே குன்றின் மேல் வெளிச்சம் இருக்கும்போது தொடங்குகிறது, பிறகு ஒரு விண்மீன், பிறகு மொரெல்லோ மலை மறைகிறது, கோட்டைச் சுவரில் காவல் விளக்குகள், ஆந்தைச் சத்தம். ஒரு மாலை இருட்டுகிற நேரம்தான் கவிதையின் மொத்தக் காலம். மூன்றாவது நிறத்தால் பணம் வருகிற இடங்கள். அவளுடைய கழுத்துப் பட்டிக்குப் பதின்மூன்று ஸ்கூடி (இத்தாலிய நாணயம்), கசினின் சூதாட்டக் கடன், மன்னரின் தங்கம், வறுமையில் செத்துப்போன தாய் தகப்பன். காதலைப் பற்றிய கவிதையில் இவ்வளவு பணம் ஏன் வருகிறது என்று நீங்களே கேட்டுக்கொள்வீர்கள்.

வாக்கியம் புரியவில்லை என்றால் பெரும்பாலும் சொல் கடினமாக இருப்பது காரணம் இல்லை. பிரௌனிங் வரி முடிகிற இடத்தில் வாக்கியத்தை முடிப்பதில்லை, நடுவில் கோடு போட்டு வேறு எதையோ சொல்லிவிட்டுத் திரும்புவார். ஆகவே வரி வரியாகப் பொருள் எழுதாதீர்கள். முற்றுப்புள்ளியிலிருந்து முற்றுப்புள்ளி வரை எடுத்து, அடைப்புக்குறிக்குள்ளும் கோடுகளுக்கு நடுவிலும் இருப்பதைப் பென்சிலால் லேசாக மூடிவிட்டு, எஞ்சியதில் வினைச்சொல்லைத் தேடுங்கள். அதைப் பிடித்துவிட்டால் மூடியதைத் திறந்து படிக்கலாம். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். பத்து அசை கொண்ட வரி, இயைபு கிடையாது, சாதாரணப் பேச்சுக்கு மிக அருகில் ஓடுகிற யாப்பு. ஒரு களைத்த மனிதன் மனைவியிடம் பேசுகிற தொனியில் படித்தால் பாதிச் சிக்கல் காதிலேயே அவிழும்.

குறை உள்ளது உயர்ந்தது, குறை இல்லாதது செத்தது என்ற எண்ணம் பிரௌனிங்குக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. 'மென் அண்ட் விமன்' வருவதற்கு இரண்டு வருடம் முன், 1853-இல், கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் வெனிஸ் கட்டடங்களைப் பற்றிய தன் நூலின் இரண்டாம் தொகுதியில், உயிருள்ளது எதுவும் முழுமையாக இருக்க முடியாது என்று எழுதினார். அவர் காட்டிய உதாரணம் ஃபாக்ஸ்கிளவ் என்ற பூங்கொத்து: மூன்றில் ஒரு பங்கு மொட்டு, ஒரு பங்கு வாடியது, ஒரு பங்கு மலர்ந்தது. இயந்திரம் ஒரே மாதிரி ஆயிரம் பொருளை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்த நாட்டில், கோணலாகச் செதுக்கிய கொத்தனின் கையை மதிக்கச் சொன்ன குரல் அது. இதைப் படித்த பிறகுதான் ரஃபேலின் தப்பான கை எனக்கு வெறும் ஓவியச் செய்தியாக இல்லாமல் அந்தக் காலத்தின் கேள்வியாகத் தெரிந்தது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இது வரும் 'தி நேச்சர் ஆஃப் காத்திக்' அத்தியாயத்தின் நடுப்பகுதியை மட்டுமாவது ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள்.

'எ கிராமேரியன்ஸ் ஃபியூனரல்' என்ற கவிதையில் மாணவர்கள் தங்கள் ஆசிரியரின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் கிரேக்க இலக்கணம் படித்து, வாழ்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, இடுப்புக்குக் கீழே செத்துப்போன பிறகும் ஒட்டுச்சொற்களின் இலக்கணத்தைத் தீர்த்துவைத்தவர். ஒன்றோடு ஒன்று கூட்டிப் போகும் சின்ன மனிதன் சீக்கிரம் நூறைத் தொடுவான், கோடியைக் குறிவைத்த இந்தப் பெரிய மனிதன் ஒன்றில் கோட்டைவிடுவான் என்று மாணவர்கள் பாடுகிறார்கள். ("கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது" என்பதை அருகில் வைத்துப் பார்க்கத் தடையில்லை, பொருள் அவ்வளவு நெருக்கம். கணக்கை நான் நம் வழக்கில் கோடி என்று சொல்கிறேன், மூலத்தில் பத்து லட்சம்.) ஆனால் இங்கேயும் கூற்றுக் குறிப்பு எழுதுங்கள். "ஆசிரியரை இழந்த மாணவர்கள் பாடை சுமக்கையில் தமக்குள் பாடியது." துக்கத்தில் இருக்கிறவர்கள் புகழத்தான் செய்வார்கள். அந்த வாழ்க்கையைப் பிரௌனிங் போற்றுகிறாரா, வீண் என்று வருந்துகிறாரா என்று விமர்சகர்கள் இன்றுவரை இரு பக்கமாகத்தான் இருக்கிறார்கள். பத்து அசையும் ஐந்து அசையுமாக மாறி மாறி வரும் வரிகளைச் சத்தமாகப் படித்தால், பாரத்தோடு மேட்டில் ஏறி மூச்சு வாங்குவது கேட்கும். நான் அதை மௌனமாகப் படித்து ஒரு வாரம் வீணாக்கினேன்.

காதல் கவிதைகளில் இரண்டைச் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். 'தி லாஸ்ட் ரைட் டுகெதர்' என்பதில் காதலி மறுத்துவிட்டாள். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. கடைசியாக ஒரு முறை சேர்ந்து குதிரையில் போகலாமா என்று மட்டும் கேட்கிறான். அவள் சம்மதிக்கிறாள். போகும்போது யோசிக்கிறான்: யார்தான் நினைத்ததைச் செய்து முடித்தார்கள்? அரசியல்வாதி, படைவீரன், கவிஞன், சிற்பி, இசைக்காரன் என்று ஒவ்வொருவராக எடுத்து, செய்தது எவ்வளவு கொஞ்சம், செய்யாமல் விட்டது எவ்வளவு பெரிது என்று பார்க்கிறான். 11 வரி கொண்ட பத்துப் பத்திகள். நான் முதலில் இதை நம்பிக்கையின் வெற்றி என்று எழுதினேன். கடைசி வரியில் ஒரு கேள்விக்குறி இருப்பதைப் பார்க்கவே இல்லை. இப்படியே என்றென்றும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தால் என்ன என்று கேட்கிறானே தவிர, போவோம் என்று சொல்லவில்லை. நிறுத்தக்குறியைக் கடைசிவரை பாருங்கள், மலிவான பதிப்புகளிலும் சில இணையப் பிரதிகளிலும் அது மாறியிருக்கும், அதனால் இரண்டு பிரதியை ஒப்பிடுங்கள்.

'டூ இன் தி கம்பான்யா' இதற்கு நேர் எதிர். அங்கே காதலி பக்கத்திலேயே இருக்கிறாள், கையோடு கை. ரோமைச் சுற்றிய வெட்டவெளி, மே மாதக் காலை. ஆனாலும் ஒன்று குறைகிறது. சிலந்தி நூல் மாதிரி ஒரு எண்ணம் கண்ணில் பட்டுப் பட்டு மறைகிறது. அதை விரட்டிக்கொண்டு போகிறான், பெருஞ்சீரகச் செடியில், இடிந்த கல்லறையின் செங்கலில், ஒரு பூவின் ஆரஞ்சு நிறக் கிண்ணத்தில் ஐந்து குருட்டு வண்டுகள் தேனுக்குத் தடவுகிற இடத்தில். நீயே எனக்கு எல்லாமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன், நீயோ இந்த அளவுதான், இதற்கு மேல் இல்லை என்கிறான். இதைவிட நேர்மையாக ஒரு காதலன் பேசி நான் படித்ததில்லை. 60 வரிதான். கடைசியில் மிஞ்சுவது எல்லையில்லாத ஆசையும், ஏங்குகிற எல்லையுள்ள இதயங்களின் வலியும். மறுக்கப்பட்டவனுக்கு ஒரு மாலை நிறைவு கிடைக்கிறது, கூடியிருப்பவனுக்கு அது கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில் படித்தால் மட்டுமே இது உறைக்கும்.

பிரௌனிங்கின் மனைவியான கவிஞர் எலிசபெத் பாரெட்டின் 44 சானட்டுகள் (14 வரிக் கவிதைகள்) விஷயத்தில் எச்சரிக்கை வேறு மாதிரி. 'சானட்ஸ் ஃப்ரம் தி போர்ச்சுகீஸ்' என்ற தலைப்பைப் பார்த்து மொழிபெயர்ப்பு என்று எழுதினேன், நேராக மதிப்பெண் போனது. அது ஒரு திரை. காமொயன்ஸ் என்ற போர்ச்சுகீசியக் கவிஞரின் காதலியைப் பற்றி எலிசபெத் எழுதிய ஒரு கவிதை ராபர்ட்டுக்குப் பிடிக்கும், அதை வைத்து வந்த பெயர். இவை சொந்தக் கவிதைகள், சொந்த வாழ்க்கை. இங்கே மட்டும் கவிஞரும் பேசுகிறவரும் ஏறக்குறைய ஒருவரே. 1845 ஜனவரி 10-இல் ராபர்ட் முதல் கடிதம் எழுதினார், உங்கள் கவிதைகளை முழு மனதோடு நேசிக்கிறேன் என்று தொடங்கும் கடிதம். மே 20-இல் சந்தித்தார்கள். 1846 செப்டம்பர் 12-இல் வீட்டுக்குத் தெரியாமல் திருமணம், ஒரு வாரத்தில் இத்தாலிக்குப் பயணம். அப்போது எலிசபெத்துக்கு நாற்பது, ராபர்ட்டுக்கு முப்பத்துநான்கு. பிள்ளைகள் யாரும் கல்யாணம் செய்யக் கூடாது என்றிருந்த தகப்பன் கடைசிவரை மன்னிக்கவில்லை. எல்லோரும் 43-ஆவது சானட்டைத்தான் மனப்பாடம் செய்வார்கள், உன்னை எப்படியெல்லாம் நேசிக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கும் பாட்டு. நீங்கள் 14-ஐப் படியுங்கள். என் சிரிப்புக்காக, பார்வைக்காக, மென்மையான பேச்சுக்காக நேசிக்காதே, அவை மாறிவிடும். என் கண்ணீரைத் துடைக்கும் இரக்கத்துக்காகவும் நேசிக்காதே, உன் ஆறுதலால் நான் அழுவதையே மறந்துவிட்டால் உன் அன்பும் போய்விடுமே என்கிறார். பல வருடம் நோயாளியாகப் படுத்திருந்த பெண் இப்படி யோசித்திருக்கிறார் என்பது என்னை உலுக்கிவிட்டது. சந்தையில் 1847 என்று அச்சிட்ட ஒரு பதிப்பைப் பற்றி எங்காவது படித்தால் நம்பாதீர்கள். அது போலி என்று 1934-இல் நிரூபித்துவிட்டார்கள், முதல் அச்சு 1850.

டென்னிசனிடமும் இதே மாதிரி வரியைத் தனியாகப் பிடுங்கி எடுப்பது நடக்கிறது. நேசித்து இழப்பது, நேசிக்காமலே இருப்பதைவிட மேல் என்ற வரியைக் காதல் தோல்விக்கு மருந்தாகப் பகிர்கிறார்கள். 'இன் மெமோரியம்' நூலின் 27-ஆவது பகுதியில் வருகிறது, 85-இல் மறுபடி வருகிறது. அது 1833 செப்டம்பரில் வியன்னாவில் 22 வயதில் திடீரென்று இறந்துபோன நண்பன் ஆர்தர் ஹாலமுக்காக எழுதியது. 17 வருடம் எழுதி 1850-இல் பெயர் போடாமல் வெளியிட்டார். 131 பகுதியையும் வரிசையாகப் படிக்க முயன்று 40-இல் நின்றுபோனேன். 7, 27, 50, 54, 55, 56, 95 என்று முதலில் படித்துவிட்டு, பிறகு தேவைப்பட்டதை நிரப்புங்கள். 7-ஆவதில் விடியற்காலை மழைத்தூறலில், இனி யாரும் கை நீட்டாத ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். லண்டன் விம்போல் தெரு. எலிசபெத் பாரெட் பூட்டிக் கிடந்த வீடும் அதே தெருவில்தான். டென்னிசனின் 'யுலிசிஸ்' கவிதையின் கடைசி வரி, முயல்வது, தேடுவது, கண்டடைவது, பணியாமல் இருப்பது, அண்டார்டிகாவில் கேப்டன் ஸ்காட் குழுவின் நினைவுச் சிலுவையில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பொருத்தமான வரிதான். ஆனால் 70 வரியையும் படித்தால், பேசுகிற கிரேக்க மன்னன் யுலிசிஸ் மனைவியை வயதானவள் என்று ஒதுக்குகிறான், குடிமக்களைக் காட்டுக் கூட்டம் என்கிறான், நாட்டைப் பொறுமையாக ஆள்வதை மகன் தலையில் கட்டிவிட்டுக் கிளம்புகிறான். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் அவனுடைய அந்தக் கடைசிப் பயணம் கடலில் மூழ்கித்தான் முடிகிறது. ஹாலம் இறந்த சில வாரங்களில், எப்படியாவது முன்னே போக வேண்டும் என்ற தவிப்பில் டென்னிசன் இதை எழுதினார். முயற்சியும் தவறும் ஒரே மனிதனுக்குள் இருப்பதுதான் அதன் பலம்.

ஜார்ஜ் மெரிடித்தின் 'மாடர்ன் லவ்' பல பாடத்திட்டங்களில் இருக்காது, ஆனாலும் விட்டுவிடாதீர்கள். 1862. ஐம்பது பாட்டு, ஒவ்வொன்றும் 14-க்குப் பதில் 16 வரி. உடைகிற ஒரு கல்யாணம். முதல் பாட்டிலேயே கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில், நடுவில் வாளை வைத்துக் கல்லறைச் சிலைகள் மாதிரி கிடக்கிறார்கள். 17-இல் விருந்தாளிகளுக்கு முன் இருவரும் சிரித்துப் பேசி அசத்துகிறார்கள். மெரிடித்தின் மனைவி ஓவியர் ஹென்றி வாலிஸுடன் போய்விட்டார், 1861-இல் இறந்தார். கவிஞர் சாட்டர்டன் இறந்து கிடப்பதைக் காட்டும் வாலிஸின் புகழ்பெற்ற ஓவியத்துக்கு மாடலாகப் படுத்தவர் மெரிடித்தேதான். இதெல்லாம் நடந்தும் கவிதை பழியை மனைவிமேல் மட்டும் போடவில்லை. இங்கே வில்லன் தேவையில்லை, நமக்குள் இருக்கும் பொய்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்கிறார் 43-இல். படிக்கும்போது சிக்கல் ஒன்றுதான்: சில பாட்டில் கணவன் 'நான்', சிலதில் 'அவன்'. எண்ணுக்குப் பக்கத்தில் எது என்று குறித்துக்கொண்டே போங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது ஆள் யாரோ வந்துவிட்டார் என்று தோன்றும்.

புத்தகத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். இந்தக் கவிதைகள் அனைத்தும் காப்புரிமை முடிந்தவை, குட்டன்பர்க் தளத்தில் இலவசம். நான் சொன்னவற்றை மட்டும் வரி எண் போட்டு, இரண்டு பக்கமும் அகலமான ஓரம் விட்டு அச்செடுத்து ஸ்பைரல் போட்டேன், 180 ரூபாய் ஆனது. காசு கொடுத்து வாங்குவதென்றால் அடிக்குறிப்புள்ள ஒரே ஒரு நல்ல பிரௌனிங் தேர்வுநூல், அதுவும் பழைய புத்தகக் கடையில். ஒரு கவிதைக்கு மூன்று அமர்வு வையுங்கள். முதல் நாள் கூற்றுக் குறிப்பு, இரண்டாம் நாள் நிறக் கோடுகளும் வாக்கியங்களும், இரண்டு நாள் இடைவெளி விட்டு வாய்விட்டு ஒரு வாசிப்பு. விமர்சனம் அதற்குப் பிறகுதான். இந்தக் கணக்கில் பத்து வாரத்தில் மொத்தமும் முடியும். இரண்டாவது முறை எனக்கு ஒன்பது வாரம் ஆனது, தாளும் தேறியது.

'ஒன் வேர்ட் மோர்' கவிதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'மென் அண்ட் விமன்' நூலின் முடிவில் எலிசபெத்துக்காக வைத்த 51-ஆவது கவிதை. மற்ற ஐம்பதையும் முடித்துவிட்டு இதற்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ரஃபேல் தன் காதலிக்காகச் சானட்டுகள் எழுதினார், தாந்தே தன் காதலிக்காக ஒரு தேவதையை வரையப் பார்த்தார், ஒவ்வொரு கலைஞனுக்கும் தன் தொழிலாக இல்லாத ஒரு மொழியில் ஒரே ஒருவரிடம் ஒரு முறை பேசத் தோன்றும் என்று ஆரம்பிக்கிறார். பிறகு, இத்தனை ஆண்களாகவும் பெண்களாகவும் பேசிவிட்டேன், இந்த ஒரு முறை என் சொந்த ஆளாகப் பேசவிடு, என் பாத்திரங்களான லிப்போவாக இல்லை, ரோலண்டாக இல்லை, ஆண்ட்ரியாவாக இல்லை என்கிறார்.